மைனஸ் எழுதுவதற்கு முன்: கண் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம். பட்டயப் படிப்பு முடித்த கையோடு வந்திருந்த இருவர் மாணவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்துக்குள், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த கோளாறுகள் அத்தனையும் வரிசை மாறாமல் கண் முன்னால் நடந்தேறின. ஒரு கண்ணை மறைக்க மறப்பது, ஆறு மீட்டரை அளக்காமல் குத்துமதிப்பாக நிற்க வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை யாராவது இரண்டு முறை அதட்டினால் சரியாகிவிடும். கிட்டப்பார்வை எது, தூரப்பார்வை எது என்பதில் வரும் குழப்பம் அவ்வளவு லேசில் போவதில்லை.

பெயரை நம்புவது

"சார், எனக்குத் தூரப்பார்வை" என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் அவர் சொல்ல வருகிறார். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் கிட்டப்பார்வை: கிட்ட இருப்பது தெரியும், எட்ட இருப்பது மங்கும். விழி நீண்டுவிடுவதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அதற்குக் குழிலென்ஸ், அதாவது மைனஸ். பெரியவர்களின் விழி சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய மைனஸ் 3 வந்துவிடும். தூரப்பார்வையில் விழி குட்டை. பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழப் பார்க்கிறது. அதற்குக் குவிலென்ஸ், பிளஸ்.

ஆகவே குறைபாட்டின் பெயரை நோயாளியிடம் கேட்காதீர்கள். திருவாரூர் பஸ் நிலையத்தில் மன்னார்குடி பஸ் திரும்பி வரும்போதே போர்டு தெரிகிறதா, அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று கேளுங்கள். பழைய கண்ணாடி கையில் இருந்தால் அதைக் கதவு நிலைக்கு எதிரே பிடித்து இடவலமாக அசையுங்கள். நிலையும் கூடவே நகர்ந்தால் மைனஸ்; எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ்.

குறி போடாமல் எண்ணை எழுதுவது

1.50 என்றால் எந்த 1.50?

இயந்திரத்தின் சீட்டைப் பார்த்துப் பிள்ளைக்கு மைனஸ் கொடுப்பது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று பலகை தொங்காத கடைத்தெரு இல்லை. அந்த இயந்திரம் பெரியவர்களுக்குப் பரவாயில்லை. கண்ணுக்குள் இருக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து போடாத சிறுபிள்ளையின் கண்ணில் அது சொல்வதை அப்படியே எழுதிக் கொடுப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையைத் தாய் கூட்டிவந்தார். சாயங்காலமானால் தலைவலி, புத்தகத்தை எடுத்தாலே அழுகை. இயந்திரத்தில் உட்கார வைத்தேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 0.75 என்று சீட்டு வந்தது. அந்த லென்ஸைப் போட்டதும் குழந்தை கடைசி வரியைக் கடகடவென்று படித்தது. "எழுத்து நல்ல கறுப்பாக இருக்கிறது" என்றும் சொன்னது. எனக்கு ஒரே பெருமை. எழுதிக் கொடுத்துவிட்டேன். தகப்பனார் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். அதில்தான் கண்ணாடி வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தாய் திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்தால், எழுத உட்கார்ந்தால் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது என்றார். மருத்துவர் அந்தத் தசையைத் தளர்த்தும் அட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டு வரச் சொன்னார். நான்காம் நாள் என்னைத் திட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் ஒளிக்கோடு பாய்ச்சிப் பவரை அளக்கும் ரெட்டினாஸ்கோப்பை என் கையில் கொடுத்து, "நீயே பார்" என்றார். விரிந்த கண்பாப்பாவுக்குள் செம்மஞ்சளாய் ஒளிக்கோடு. நான் கருவியை எந்தப் பக்கம் சாய்த்தேனோ அந்தப் பக்கமே அதுவும் ஓடியது. மைனஸ் கண்ணாக இருந்தால் எதிர்த்து ஓடியிருக்கும். கோட்டை நிறுத்த பிளஸ் லென்ஸாகப் போட்டுக்கொண்டே போனேன். நான் உட்கார்ந்து பார்த்த தூரத்துக்காகக் கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும் பிளஸ் 3.25 நின்றது.

நடந்தது இதுதான். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் 14 டயாப்டர் (கண்ணாடியின் பவரை எண்ணும் அலகு) அளவுக்குக்கூடத் தன்னைக் குவித்துக்கொள்ளும். பிளஸ் கண் உள்ள குழந்தை காலையிலிருந்து இரவு வரை லென்ஸைக் குவிக்கும் தசையை இறுக்கிக்கொண்டே பார்க்கிறது. அதனால்தான் தூரத்து எழுத்தும் கிட்ட எழுத்தும் இரண்டும் அதற்குத் தெரிகின்றன, தலையும் வலிக்கிறது. இயந்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது, சீட்டில் மைனஸ் விழுகிறது. நாம் மைனஸ் கொடுத்தால் அதையும் சேர்த்து இறுக்கிச் சமாளிக்கிறது. எழுத்து சிறுத்துக் கறுத்துத் தெரிவதைத் தெளிவு என்று குழந்தையும் நம்புகிறது, நாமும் நம்புகிறோம். இறுக்கும் தசையும் கண்ணை உள்ளே இழுக்கும் வேலையும் மூளையில் சேர்ந்தே இயங்குபவை. ஒன்று அளவுக்கு மீறினால் மற்றது மாறுகண்ணாக வெளியே வரும்.

அந்தக் குழந்தைக்குப் பிளஸ் கண்ணாடி போட்டதும் கண் நேரே நின்றது. எல்லோருக்கும் அப்படி நிற்காது. தாய் கடைசி வரை என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முதல் கண்ணாடியைக் காகிதத்தில் மடித்து, "இது வேறு யாருக்காவது ஆகுமா சார்?" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சொட்டு மருந்தோ களிம்போ போடுவது மருத்துவரின் முடிவு. வெளிச்சம் கூசும், பல நாள் படிக்க மங்கும் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே பதறிக்கொண்டு வந்து நிற்பார்கள். முகாமில் மருந்துக்கு வழியில்லையா? பிளஸ் 1.50 லென்ஸைப் போட்டு அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். மங்கவேண்டிய கடைசி வரியை அப்போதும் படித்தால், அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிளஸ் இருப்பது இயல்புதான், வளர வளரக் குறையும். அதற்கெல்லாம் கண்ணாடி மாட்ட வேண்டியதில்லை.

வெள்ளெழுத்தைத் தூரப்பார்வை என்று எழுதுவது

இரண்டுக்கும் பிளஸ் லென்ஸ்தான், ஆனால் ஒரே நோய் அல்ல. முன்னது வயதாகி லென்ஸ் இறுகுவதால் வருவது. பின்னது விழியின் அளவால் வருவது. டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864இலேயே பிரித்துக் காட்டிவிட்டார். மைனஸ் 2.50 உள்ள ஐம்பது வயது விவசாயி கண்ணாடியைக் கழற்றினாலே பத்திரிகை படிப்பார். அவர் தலையில் இரட்டைக் கண்ணாடியைக் கட்டாதீர்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடி எழுதுவது

முதலில் சர்க்கரை நிலைக்கட்டும்.

கண் திரும்பிவிட்டது என்று சேர்ந்து மகிழ்வது

திருவாரூர்ப் பாட்டி ஒருவர், வயது எழுபது இருக்கும். பல வருடமாகப் போட்டிருந்த கண்ணாடி இல்லாமல் இப்போது பஞ்சாங்கம் படிக்கிறார். "சுந்தரருக்கு வலக்கண் கிடைத்த ஊர் அல்லவா, எனக்கும் கொடுத்துவிட்டார் தியாகராஜர்" என்றார். என்னிடம் பழகும் பையன் தூரத்துக்கு மைனஸ் 2 எழுதிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். லென்ஸ் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. புரை முற்றி லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளிவிலகல் கூடும், புதிதாக மைனஸ் வரும். கிட்ட உள்ள எழுத்து கொஞ்ச நாளைக்குத் தெளியும், அவ்வளவுதான்.

"பாட்டி, ஆழித்தேர் வரும்போது உச்சியில் கலசம் தெரிகிறதா?"

பாட்டி பதில் சொல்லாமல் பஞ்சாங்கத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "இந்த வருடத் தேருக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுமா?"