பிரதான பாதையில் தானாக ஓடும் ரயில்: வடிவமைப்பை எங்கே தொடங்குவது?

ரயில்களுக்கு பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவது என் தொழில். தானியங்கி ஓட்டத்தை வடிவமைக்க வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ரயிலை ஓட்டுவது எது, காப்பது எது என்று பிரித்துவிட்டீர்களா? அதைப் பிரிக்காமல் ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள்.

சிக்னலையும் வேக வரம்பையும் மீறவிடாமல் தடுப்பது பாதுகாப்பு அமைப்பின் வேலை. ஐரோப்பாவின் பல பாதைகளில் இ.டி.சி.எஸ். என்ற ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் செய்கிறது. வேகமெடுப்பது, சீராகச் செல்வது, நடைமேடையில் நிற்பது எல்லாம் ஓட்டும் மென்பொருளின் பொறுப்பு. இது தவறிழைக்கும் என்றே எடுத்துக்கொண்டு, காக்கும் அமைப்பு இதை மேலிருந்து கண்காணிக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே வைத்தால் ஓட்டும் பாங்கைத் திருத்துவது எளிதாகும். பாதுகாப்புச் சான்று முழுவதையும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கிளற வேண்டியதில்லை.

அடுத்து, எந்த அளவு தானியக்கம் என்று முடிவு செய்யுங்கள். தானியக்கத்தை எண்ணிட்ட நிலைகளாகப் பிரிப்பார்கள்; எண் கூடக்கூட மனிதரின் வேலை குறையும். இரண்டாம் நிலையில் ரயில் தானாக ஓடி நிற்கும், ஆனால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருப்பார். கதவையும் பாதையையும் பார்த்துக்கொள்வார். நான்காம் நிலையில் ரயிலில் பணியாளரே தேவையில்லை. லண்டனின் விக்டோரியா சுரங்கப் பாதையில் 1968இலேயே ரயில்கள் தானாக ஓடின. அதே நகரின் நடுவே செல்லும் தேம்ஸ்லிங்க் பிரதான பாதையில், இ.டி.சி.எஸ்.ஸின் மேல் இரண்டாம் நிலை ஓட்டம் 2018இல்தான் பயணிகளுக்கு வந்தது. சுரங்கத்துக்குள் மழை இல்லை, லெவல் கிராசிங் இல்லை, குறுக்கே வரும் மாடும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் சுமார் 2.4 கி.மீ. நீளமுள்ள இரும்புத்தாது ரயில்கள் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒரே நிறுவனம் நடத்தும், மக்கள் மிக அரிதாக வாழும் நிலப்பரப்பில் ஓடும் சரக்குப் பாதை. பலவகை ரயில்கள் கலந்து ஓடும் பாதைக்கு இரண்டாம் நிலையில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து.

இனி பிரேக். உங்கள் காலத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தில் விநாடிக்கு 0.6 மீட்டரைக் குறைத்தால், சமதளத்தில் சுமார் 410 மீட்டரில் நிற்கும். நூற்றுக்கு ஒன்று என்ற இறக்கத்தில் அதே பிரேக்குக்கு 490 மீட்டருக்கு மேல் வேண்டும். கட்டளை கொடுத்துப் பிரேக் பிடிக்க இரண்டு விநாடி தாமதமானால், அதற்குள் இன்னும் 44 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே சரிவு வரைபடமும் பிரேக் தாமதமும் கணக்கின் உள்ளேயே இருக்கட்டும். பிழையைப் பின்னால் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாடு மட்டும் போதவே போதாது, பயணிகள்தான் குலுங்குவார்கள். நிற்க வேண்டிய இடத்தை நெருங்க நெருங்க வேகம் எப்படிக் குறைய வேண்டும் என்று காட்டும் கோடுதான் பிரேக் வளைவு. உங்கள் பிரேக் வளைவு, பாதுகாப்பு அமைப்பு குறுக்கிடும் வளைவுக்கு எப்போதும் கீழேயே இருக்க வேண்டும். மிகவும் கீழே இறக்கினால் கால அட்டவணை தாமதமாகும். ஒட்டி வைத்தால் அவசர பிரேக் விழும்.

ஈரமும் இலைச்சருகும் படிந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அப்போது சக்கரச் சுழற்சியை வைத்துத் தூரம் கணக்கிட்டால், ரயில் எங்கே இருக்கிறது என்பதே தவறாகிவிடும். ரேடார் போன்ற வேறு அளவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; தண்டவாளங்களுக்கு நடுவே பொருத்தியிருக்கும் இடக்குறிக் கருவிகளைக் கடக்கும்போதெல்லாம் கணக்கைச் சரிசெய்யுங்கள். நிறுத்தம் துல்லியமாக வேண்டிய நடைமேடைகளுக்கு முன்னால் இவற்றை நெருக்கமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வழுக்கல் தெரிந்ததுமே பிரேக்கை முன்கூட்டித் தொடங்கும் தனி வளைவு ஒன்றும் தேவை.

நல்ல ஓட்டுநர் ஒருவரின் அருகில் உட்கார்ந்து அவர் செய்வதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் மாறுவதைக் கேட்கிறார், தண்டவாளத்தோரம் வேலை செய்பவர்களுக்கு ஹாரன் அடிக்கிறார், எதிரே வரும் ரயிலில் புகை தெரிகிறதா என்று பார்க்கிறார். இவற்றில் எதை யார் செய்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதுங்கள். காலியாக நிற்கும் வரிகள்தான் உங்கள் உண்மையான வேலைப் பட்டியல்.

கடைசியாக, மென்பொருள் விலகும் தருணம். பிரேக் போட்டுக்கொண்டிருக்கும்போது அது செயலிழந்தால், ஓட்டுநர் கைப்பிடியைத் தொட்டு ஏற்கும்வரை பிரேக் தளரக் கூடாது. இதை ஆய்வகத்தில் மட்டும் சோதித்து விட்டுவிடாதீர்கள். இறக்கத்தில், ஈரத் தண்டவாளத்தில், முழுச் சுமையோடும் காலிப் பெட்டிகளோடும் சோதியுங்கள்.