நிட்டோரிப் பொருளை மதுரை வீட்டில் பொருத்துவது எப்படி

ஜப்பானின் சப்போரோ நகரில் 1967-இல் அகியோ நிட்டோரி தொடங்கிய மரச்சாமான் கடைதான் இன்று நிட்டோரி என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. இந்தியாவில் அதன் முதல் கடை 2024 டிசம்பரில் மும்பை காட்கோபரில் திறக்கப்பட்டது. மும்பையில் வேலை பார்க்கும் பிள்ளையிடமோ, ஜப்பானிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடமோ வாங்கிவரச் சொல்பவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் டேப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

அந்தக் கடையின் அளவுகள் சென்டிமீட்டரில் இருக்கும். நம் ஆசாரியோ அடியிலும் அங்குலத்திலும் பேசுவார். இரண்டரை அடி நிலை என்றால் 76 சென்டிமீட்டர். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுவர் நேராக இருக்கும் என்று நம்பிவிடாமல், அலமாரி நிற்கப்போகும் இடத்தைத் தரையோரம், இடுப்புயரம், தலையுயரம் என மூன்று மட்டத்தில் அளந்து, மூன்றில் குறைந்ததையே கணக்கில் கொள்ளுங்கள். பொருள் பாகம் பாகமாகத் தட்டையான பெட்டியில் வருவதால் குறுகிய மாடிப்படியில் எளிதாக ஏறிவிடும். பூட்டி முடித்தபின் அதே படியில் இறக்க முடியாது என்பதால், எந்த அறையில் நிற்க வேண்டுமோ அந்த அறையிலேயே பூட்டுங்கள்.

படுக்கை விரிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானிய டபுள் மெத்தை 140 சென்டிமீட்டர் அகலமும் 195 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. நம்மூரில் டபுள் என்று விற்கப்படும் நான்கடி மெத்தை 122 சென்டிமீட்டர்; ஐந்தடி குயின் 152. ஆகவே ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த ஜப்பானிய டபுள் விரிப்பு ஒன்றில் தொளதொளக்கும், மற்றொன்றில் ஏறவே ஏறாது. எலாஸ்டிக் இல்லாத விரிப்பையோ போர்வையையோ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வெயிலுக்கு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பது, தொட்டால் குளிரும் நிட்டோரியின் ‘என் கூல்’ (N Cool) துணியை. அந்தத் துணி குளிரை உண்டாக்குவதில்லை; உடல் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33, 34 டிகிரி. சித்திரை மாதத்து மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை அதைத் தாண்டிவிட்டால், துணியும் அறையோடு சேர்ந்து சூடாகிவிடும். ஏசி ஓடும் அறைக்கு அது நன்று. மின்விசிறி மட்டும் சுழலும் அறைக்கு என் ஓட்டு கோரைப் பாய்க்கே.

‘கலர் பாக்ஸ்’ எனப்படும் சிறு அடுக்கு அலமாரியை வாங்குவதானால், அதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்ட ‘இன்பாக்ஸ்’ கூடைகளையும் சேர்த்தே வாங்குங்கள். அலமாரியை அங்கே வாங்கிவிட்டுக் கூடையைப் பிறகு நம்மூர் விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தால், விரலளவு வித்தியாசத்தில் ஒன்றும் உள்ளே போகாது. பூட்டும்போது ஆணிகள் அனைத்தையும் முதலில் பாதி மட்டும் முறுக்கி, சட்டம் நேரானபின் இறுக்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் டிரில் மெஷினைப் பயன்படுத்தினால் துளையின் உட்புறம் பொடிந்துவிடும். மறுபடி ஆணி பிடிக்காது.

அந்தப் பலகைக்கு முதல் எதிரி நம் வீட்டு ஈரத்துணிதான். உள்ளூர்க் கடையொன்றில் வாங்கி எங்கள் கூடத்தில் வைத்திருந்த ஓர் அலமாரியின் அடிவிளிம்பு, பொங்கலுக்கு வீட்டைக் கழுவிவிட்ட மறுவாரமே டீயில் ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பி, மேலே ஒட்டியிருந்த தாள் பிரிந்து நின்றது. அதன்பின் நான் கற்றுக்கொண்ட வழி, இரு பக்கப் பலகைகளின் அடியிலும் முழு நீளத்துக்கு அரை அங்குலக் கிரானைட் பட்டை வைப்பது. கிரானைட் அறுக்கும் கடைகளில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். தண்ணீர் வடிவதற்காகத் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள் என்பதால், ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தாழ்ந்த பக்கத்துக்குத் தகடு கொடுத்துச் சமன்செய்யுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைப்பது கட்டாயம்.

ஜப்பானிலிருந்தே நேராக வரும் மேசை விளக்கு போன்றவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் மின்சாரம் 230. அடிப்பகுதியில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பிளக்கை மாற்றிச் செருகுங்கள், இல்லையேல் முதல் சுவிட்சிலேயே புகைந்துவிடக்கூடும்.