ஊர்ல தற்கொலை தடுப்பு வேலை செய்ய சின்ன கிராண்ட் கேக்கணுமா? இப்படி எழுதுங்க

சின்ன ட்ரஸ்ட், இளைஞர் மன்றம், மகளிர் குழு நடத்துறவங்க பல பேர் கேக்குற கேள்விதான் இது, ரெண்டு மூணு லட்சம் நிதி உதவி (கிராண்ட்) கிடைச்சா எங்க பக்கம் ஏதாவது செய்வோம், ஆனா அதை கேட்டு ப்ரபோசல், அதாவது திட்ட விண்ணப்பம், எப்படி எழுதறதுன்னு தெரியலன்னு. நான் பாக்குற ப்ரபோசல்ல முக்காவாசி "ஆயிரம் மாணவர்களுக்கு விழிப்புணர்வு"ன்னுதான் இருக்கும். பேரணி, ஃப்ளெக்ஸ், சிறப்பு விருந்தினருக்கு சால்வை. இதுக்கு காசு குடுக்க யாருக்கும் மனசு வராது, வந்தாலும் ஊருக்கு பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 1: ஒரே ஒரு விஷயத்தை எடுங்க

உங்க ஊர்ல யாருக்கு, எப்போ ஆபத்து அதிகம்னு முதல்ல உக்காந்து பேசுங்க, கிராம நர்ஸ், வாத்தியார், உரக்கடைக்காரர் இவங்களுக்கு தெரியாதது எதுவும் இல்ல.

விவசாய ஊர்னா பூச்சிமருந்து வீட்டுக்குள்ளயே இருக்கறதுதான் பெரிய பிரச்சனை. ஆத்திரத்துல, அவமானத்துல வர்ற அந்த எண்ணம் நிறைய பேருக்கு கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும், அந்த நேரத்துல மருந்து கைக்கெட்டாம இருந்தாலே உயிர் தப்ப வாய்ப்பு இருக்கு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவங்க தொடங்கின சென்னை தற்கொலை தடுப்பு அமைப்பு சினேகாவும் இதை செஞ்சு பாத்தாங்க, ஊருக்கு பொதுவா ஒரு இடம், உள்ள விவசாயிங்களுக்கு பூட்டு போட்ட பெட்டி, பாத்துக்க ஆள். அந்த ஆய்வு 2013ல வெளிவந்துச்சு. இலங்கையில வட மத்திய மாகாணத்துல வேற மாதிரி, வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி குடுத்தாங்க, 50 ஆயிரம் குடும்பங்களுக்கு மேல சேர்ந்த பெரிய ஆய்வு அது, 2017ல முடிவு வந்தப்போ அந்த பெட்டியால பலன் இருந்த மாதிரி தெரியல. அதனால "வீட்டுக்கு ஒரு பெட்டி"ன்னு எழுதிட்டு போனீங்கன்னா விவரம் தெரிஞ்சவங்க அங்கயே புடிச்சுடுவாங்க. பொது இடம்னு எழுதுங்க, சாவி யார்கிட்ட, ராத்திரி யார் பாக்கறதுன்னும் சேத்து எழுதுங்க.

பள்ளிக்கூடம்தான் கவலைன்னா பத்தாவது, ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற வாரத்தை மட்டும் எடுங்க. ஃபெயிலானாலும் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம், இதை ரிசல்ட் அன்னைக்கே வீடு தேடி போய் அப்பா அம்மாகிட்ட சொல்றதே ஒரு நல்ல ப்ராஜெக்ட்தான், செலவும் கம்மி.

ஸ்டெப் 2: உங்களால எந்த பணத்தை வாங்க முடியும்?

வெளிநாட்டு நிதின்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவு வேணும், அதுக்கு மூணு வருஷமாவது நடந்த அமைப்பா இருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணிருக்கணும், சின்ன அமைப்புக்கு இது ஆகாத காரியம். கம்பெனிங்க சமூக பணிக்கு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம்னா 12ஏ, 80ஜின்னு சொல்ற வருமான வரி பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 ரெஜிஸ்ட்ரேஷன், மூணு வருஷ அனுபவம் வேணும். இதெல்லாம் இல்லன்னா கவலைப்படாதீங்க, பக்கத்துல இருக்குற ரோட்டரி கிளப்ப புடிங்க, இல்ல உள்நாட்டு நிதிக்கு மட்டும், பதிவு பண்ண பெரிய அமைப்பு பேர்ல அப்ளை பண்ணி வேலையை நீங்க செய்யுங்க. எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்கோங்க, வாய்ப்பேச்சு வேணாம்.

ஸ்டெப் 3: எழுதறது

"தற்கொலையை 50 சதவீதம் குறைப்போம்"னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. நாலு ஊர்ல வருஷத்துக்கு நடக்குறதே சில சம்பவம்தான், ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ சதவீதம் தலைகீழா மாறிடும், அதை வெச்சு உங்க வேலையை அளக்கவே முடியாது. இப்படி எழுதிப் பாருங்க:

"நாலு கிராமத்துல இருந்து உரக்கடைக்காரங்க, மகளிர் குழு தலைவிங்க, முடி திருத்துறவங்கன்னு 24 பேருக்கு ரெண்டு நாள் பயிற்சி. ஆபத்துல இருக்கறவங்களை அடையாளம் கண்டு, கூட போய் தாலுகா ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்க. எத்தனை பேரை அனுப்பினோம், அதுல எத்தனை பேர் போய் சேர்ந்தாங்கன்னு மாசாமாசம் பதிவு பண்ணுவோம்."

அரசோட மாவட்ட மனநல திட்டத்துல இருக்குற டாக்டர்கிட்ட ஒரு ஆதரவு கடிதம் வாங்கி இணைங்க. ஆள் அனுப்பினா பாக்க டாக்டர் இருக்கார்னு இதுலதான் தெரியும், இது இல்லாத ப்ரபோசல நான்னா ஓரமா வெச்சுடுவேன்.

இறந்தவங்க குடும்ப போட்டோ, பேர் எதுவும் போடாதீங்க, இரக்கம் வரணும்னு போடுறாங்க, அது தப்பு.

ஸ்டெப் 4: பட்ஜெட்

ஹால் வாடகை, சாப்பாடு இதுலயே பாதி போயிடுது. பயிற்சி முடிஞ்ச அப்புறம்தான் செலவே இருக்கு: ஆஸ்பத்திரிக்கு கூட போறவருக்கு பஸ் காசு, அன்னைக்கு கூலி, போன் ரீசார்ஜ், மாசம் ஒரு தடவை தன்னார்வலர்கள் உக்காந்து மனசு விட்டு பேச ஒரு கவுன்சலர். கடைசி ஐட்டத்தை யாரும் போடறதில்ல, இந்த வேலை செய்யுறவங்களும் மனுஷங்கதானே.

ஸ்டெப் 5: அவசரத்துக்கு என்ன செய்வீங்க?

இதுக்கு தனியா அரை பக்கம் ஒதுக்குங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேக்கலாம், கேட்டா எண்ணம் வந்துடும்ங்கறது தப்பான பயம். தோணுதுன்னு சொன்னா ஆளை தனியா விடக்கூடாது, பூச்சிமருந்து மாதிரி ஆபத்தான பொருளை அப்புறப்படுத்தணும், 14416 (டெலி மானஸ், அரசோட இலவச மனநல உதவி எண்) இல்ல 104க்கு (சுகாதார உதவி எண்) போன் போட்டு பேச வைக்கணும், முயற்சியே பண்ணிட்டாங்கன்னா 108. போலீஸ் கேஸ் ஆகிடும்னு ஆஸ்பத்திரிக்கு போகாம மறைக்கற குடும்பங்கள் இன்னும் இருக்கு, 2017 மனநல சட்டத்தோட 115ம் பிரிவு முயற்சி பண்ணவங்களை கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது, பயிற்சியில இதை கட்டாயம் சொல்லிக்குடுங்க.

ஸ்டெப் 6: பணம் வந்த பிறகு

தனி கணக்கு நோட்டு, எல்லாத்துக்கும் வவுச்சர், முடிவுல ஆடிட்டர்கிட்ட யூடிலைசேஷன் சர்டிபிகேட் (பணம் குடுத்த வேலைக்கே செலவாச்சுன்னு சான்று). ஒரு தலைப்புல பணம் மிச்சமாகி இன்னொண்ணுல பத்தலன்னா நீங்களா மாத்தி செலவு பண்ணாதீங்க, முன்னாடியே ஒரு மெயில் போட்டு அனுமதி கேளுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க.