ரேடியோ கன்ட்ரோல் டிரான்ஸ்மிட்டர் பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ அலையில் இயங்கும் மாதிரி விமானத்துக்குள் வைக்கும் பேட்டரிக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அதை இயக்கக் கையில் பிடித்திருக்கும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரிக்குக் காட்டுவதில்லை. விமானத்தின் பேட்டரி தாழ்ந்தால் பெரும்பாலும் மோட்டார்தான் முதலில் நிற்கும். சுக்கானில் உயிர் இருக்கும்வரை, கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் எப்படியாவது இறக்கிவிடலாம். டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிட்டாலோ நாமும் வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவராகிவிடுகிறோம். நாகர்கோவிலை ஒட்டிய ஒரு குளத்தில் என் படகு தாமரை இலைகளுக்கு நடுவே போய் நின்றதும், அதை எடுக்க நான் கழுத்தளவு நீரில் இறங்கியதும் இப்படித்தான். எச்சரிக்கை ஒலி முன்பே கேட்டது. ‘இன்னும் ஒரு சுற்று’ என்று நினைத்தது என் பிழை. ஆனால் அன்று டிரான்ஸ்மிட்டரில் இருந்தவை சுவர்க்கடிகாரத்துக்கென வாங்கி வைத்திருந்த செல்கள் என்பது அதைவிடப் பெரிய பிழை.

பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் அந்தச் செல்கள் துத்தநாக-கார்பன் வகையைச் சேர்ந்தவை. கடிகாரம் மிகச் சொற்பமான மின்னோட்டத்தையே எடுப்பதால் அதற்கு அவை ஓராண்டு உழைக்கும். டிரான்ஸ்மிட்டரோ 100 முதல் 200 மில்லிஆம்பியர் வரை இடைவிடாமல் கேட்கிறது. உள்மின்தடை மிகுந்த அந்தச் செல்களின் வோல்டேஜ் அந்தச் சுமையில் விரைவாகச் சரிந்துவிடுகிறது. தீர்ந்த பின் அவை ஒழுகிச் செல் பெட்டியின் கம்பிச்சுருளையும் அரிக்கின்றன. அவசரத்துக்கு அல்கலைன் செல்களைப் போடலாம். தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களே முறையானவை. அவற்றிலும் 2005-இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய, சும்மா கிடக்கும்போது சார்ஜை அதிகம் இழக்காத வகை நம் குமரி மாவட்டத்துக்கு மிகவும் ஏற்றது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கித் துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை டிரான்ஸ்மிட்டர் அலமாரியிலேயே கிடக்கும் மாதங்கள் நமக்கு அதிகம். பழைய வகைச் செல்கள் ஒரு மாதத்திலேயே சார்ஜில் கணிசமான பகுதியை இழந்துவிடும். இந்த வகை ஓராண்டுக்குப் பிறகும் பெரும்பகுதியைத் தக்கவைத்திருக்கும்.

செல்லின் மேல் அச்சிட்ட எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) எண்ணை நம்பி வாங்குவது அடுத்த தவறு. ஏஏ அளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 2,500 முதல் 2,700 எம்ஏஎச் வரை வந்தாலே அதிகம். 18650 எனப்படும் அளவுள்ள லித்தியம் செல் பெரும்பாலும் 3,600-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே 9,900 என்று பளபளக்கும் செல்லைப் பார்த்தால் விலை கேட்பதே வீண்.

எம்ஏஎச்சைவிட முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். ஏஏ செல்லின் உருவத்திலேயே 14500 என்றொரு லித்தியம் செல் டார்ச் கடைகளில் கிடைக்கிறது. அதன் வோல்டேஜ் 3.7. நான்கு ஏஏ செல்களில் இயங்கும் 6 வோல்ட் டிரான்ஸ்மிட்டரில் இவற்றை நான்கு போட்டால், முழு சார்ஜில் 16.8 வோல்ட் உள்ளே பாயும். அதன் பிறகு டிரான்ஸ்மிட்டர் பழுதுபார்ப்பவரின் மேசைக்குத்தான் போகும். உள்ளே வோல்டேஜைக் குறைக்கும் மின்சுற்று வைத்து 1.5 வோல்ட் தரும் லித்தியம் ஏஏ செல்களும் இப்போது வருகின்றன. அவை டிரான்ஸ்மிட்டரை எரிப்பதில்லை என்றாலும் நான் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். கடைசி நிமிடம்வரை 1.5 வோல்ட்டையே காட்டிவிட்டுத் திடீரென்று அணைந்துவிடும் செல்லைக் கொண்டு, தாழ்வோல்டேஜ் எச்சரிக்கை எதை எச்சரிக்கும்?

இந்த எச்சரிக்கைக் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. எட்டு நிக்கல் செல்கள் கொண்ட பழைய டிரான்ஸ்மிட்டர்களுக்கு 9.6 வோல்ட் என்று பெயர். அவற்றின் எச்சரிக்கை சுமார் 8.5 வோல்ட்டில் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். எடை குறையும், நேரம் கூடும் என்று அதில் மூன்று செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பொருத்துகிறார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட், புதிய அல்கலைன் செல்கள் எட்டும் ஏறக்குறைய அவ்வளவே தரும் என்பதால் பொதுவாக உடனே எதுவும் கெடுவதில்லை, ஆனால் உள்ளிருந்து வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடாகும். சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. லிபோ செல் ஒன்று 3.5 வோல்ட்டுக்கு, அதாவது மொத்தம் 10.5 வோல்ட்டுக்கு வந்தபோதே நாம் விமானத்தை இறக்கியிருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் 8.5 வோல்ட்டில் கத்தும்போது ஒவ்வொரு செல்லும் 2.83 வோல்ட்டுக்குப் போய்ப் பேட்டரியே பாழாகியிருக்கும். எச்சரிக்கை அளவை மாற்ற முடிந்த டிரான்ஸ்மிட்டர் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மூன்று செல் பேட்டரி அதைவிடப் பொருந்தும். அது முழு சார்ஜில் 10.8 வோல்ட் தரும், 8.5 வோல்ட் வரை இறங்கினாலும் உடனே சாகாது. நிக்கல் செல்களைப் பயன்படுத்துவோருக்கு நான் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு செல் ஒன்றுக்கு 1.1 வோல்ட். அதற்குக் கீழே சரிவு மிகச் செங்குத்தானது.

சார்ஜ் செய்வதில் நடக்கும் தவறுகளுக்குப் பெரும்பாலும் பழைய சார்ஜரே காரணம். 600 எம்ஏஎச் பேட்டரிக்காக வந்த சார்ஜர் ஏறக்குறைய 60 மில்லிஆம்பியர் தரும். பேட்டரியை 2,000 எம்ஏஎச்சுக்கு மாற்றிவிட்டு அதே சார்ஜரில் ‘இரவு முழுவதும் போட்டேன்’ என்பவர், பத்து மணி நேரத்தில் உள்ளே செலுத்தியது 600 எம்ஏஎச் மட்டுமே. முழுமையாக நிரம்ப ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். மெதுவாக சார்ஜ் செய்வதென்றால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், 14 முதல் 16 மணி நேரம் என்பதே கணக்கு. 2,000 எம்ஏஎச் பேட்டரிக்கு 200 மில்லிஆம்பியர். நேரம் பார்த்து நிற்கும் சார்ஜர்களில் பல, மின்தடை ஏற்பட்டு மின்சாரம் திரும்பியதும் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். மழைக்காலத்து இரவில் மூன்று முறை மின்சாரம் போய்வந்தால் பேட்டரி காலையில் தொட முடியாத சூட்டில் இருப்பது அதனால்தான்.

வோல்டேஜின் உச்சத்தைக் கண்டு தானே நிற்கும் சார்ஜர் நல்லது. ஆனால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் அந்த உச்சத்துக்குப் பின் வரும் இறக்கம் செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சார்ஜரால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். 2,000 எம்ஏஎச்சுக்கு ஒரு ஆம்பியர் அளவில் வைப்பது சரியாக இருக்கும். அந்த மின்னோட்டத்தை டிரான்ஸ்மிட்டரின் சார்ஜ் துளை வழியாகச் செலுத்த வேண்டாம். பல டிரான்ஸ்மிட்டர்களில் அந்தப் பாதையில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று இருப்பதால், பேட்டரியைத் தானே சோதித்துப் பார்க்கும் சார்ஜர் பேட்டரியே இல்லை என்று பிழை காட்டும். பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜ் செய்வதே சுருக்கமான வழி. லிபோவுக்கு அதுவே கட்டாயம், செல்களைச் சமமாக நிரப்ப உதவும் சமநிலைக் கம்பியோடும், சார்ஜரில் சரியான பேட்டரி வகைத் தேர்வோடும். அடுத்தவருடைய சார்ஜரை வாங்கிச் செருகும் பழக்கமும் ஆபத்தானது. ஃபுடாபா, ஜேஆர் ஆகிய இரண்டு நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்களின் சார்ஜ் துளைகளிலும் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும்.

முழுதாகக் காலியாக்காமல் சார்ஜ் செய்தால் கொள்ளளவு குறையும் என்ற ‘நினைவு விளைவு’ வரக்கூடாதென்று டிரான்ஸ்மிட்டரை இரவெல்லாம் ஆன் செய்து வைத்துப் பேட்டரியை வறட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. அப்படி வறட்டினால், தொடராக இணைந்த செல்களில் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றவை தள்ளும் மின்னோட்டத்தால் முனை தலைகீழாகி நிரந்தரமாகக் கெடுகிறது. பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போட்டாலும் இதுவே நடக்கும்.

முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடற்கரையில் பறக்கவிடுவோர் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். செல் பெட்டியின் கம்பிச்சுருளில் பச்சை படிந்தால் தொடர்பு தளர்ந்து, செல் நிறைந்திருந்தும் டிரான்ஸ்மிட்டர் நடுவில் அணைந்து எழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் டிரான்ஸ்மிட்டரை வைத்துக் கொண்டுவந்தால், பேட்டரி ஆறும்வரை சார்ஜில் போடாதீர்கள்.

மழை முடிந்து முதல்முறை எடுக்கும்போது, முழு சார்ஜ் செய்து, ஆன்டெனாவைக் கழற்றாமல் வீட்டிலேயே ஆன் செய்து வைத்து, செல்லுக்கு 1.1 வோல்ட் வரும்வரை எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அருகிலேயே இருந்து பாருங்கள். 150 மில்லிஆம்பியர் எடுக்கும் டிரான்ஸ்மிட்டரில் 2,000 எம்ஏஎச் செட் ஒன்று புதிதில் ஏறக்குறைய 13 மணி நேரம் ஓட வேண்டும். அந்த நேரத்தைத் தேதியோடு ஒரு துண்டு டேப்பில் எழுதி பேட்டரியிலேயே ஒட்டிவிடுங்கள். அது எட்டு மணி நேரத்துக்குக் கீழே வந்த ஆண்டில் நான் செட் முழுவதையும் மாற்றிவிடுகிறேன், ஒன்றிரண்டு செல்களை மட்டும் அல்ல.