ஏராவைத் தட்டிப் பார்க்காமல் அணியைக் கலைக்க வேண்டாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்திலும் பாம்பனிலும் கரையேற்றிய மரப்படகைப் பார்க்க வரும் தச்சர், முதலில் ஏரா எனப்படும் அடிக்கட்டையைத்தான் தட்டிப் பார்ப்பார். அது உறுதியாக இருந்தால் பலகைகளை மாற்றினால் போதும், உளுத்திருந்தால் புதிதாகத்தான் கட்ட வேண்டும். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைக் கலைத்துக் கட்டுவதா, செப்பனிடுவதா என்று டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாதிடும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அணிக்கு ஏரா என்பது சென்டர்கள் எனப்படும் நடுவரிசை முன்னாட்டக்காரர்கள், முதன்மைத் தடுப்பாட்டக்காரர்கள், கோல்கீப்பர் ஆகியோரே.

முதல் தவறு, புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது. 2019 ஜனவரி 3 அன்று செயின்ட் லூயிஸ் புளூஸ் 31 அணிகளில் கடைசியாகக் கிடந்தது. அன்றே மூத்த வீரர்களை விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பழுது அடிக்கட்டையில் இல்லை. முந்தைய நவம்பரில் மாறிய பயிற்சியாளரும், ஜனவரியில் களமிறங்கிய இளம் கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டனும் போதுமானவர்களாக இருந்தார்கள். ஜூன் மாதம் அந்த அணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக என்ஹெச்எல் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றது.

அந்தக் கோப்பைக்கான பிளே-ஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றுகளின் சிறந்த வீரர் ரயன் ஓ'ரைலி. அவரை முந்தைய கோடையில்தான், கடைசி இடத்தில் முடித்த பஃபலோ சேபர்ஸ் புளூஸுக்குக் கைமாற்றியிருந்தது. இளைஞர்களுக்கு வழிவிடுகிறோம் என்று, அவர்களுக்கு ஆடக் கற்றுத்தரக்கூடிய நடுவயதுக்காரர்களையும் அனுப்பிவிடுவதே எனக்குப் பெருந்தவறாகத் தோன்றுகிறது. சேபர்ஸ் 2025 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை.

கடைசி இடம் பிடித்தால், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வீரர் கிடைத்துவிடுவார் என்ற கணக்கும் பொய்க்கும். முதல் தேர்வு யாருக்கு என்று முடிவுசெய்யும் குலுக்கலில் அந்த அணிக்குள்ள வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். கிடைத்தாலும் ஒரே வகை ஆட்டக்காரர்களைக் குவித்துப் பயனில்லை. எட்மன்டன் ஆயிலர்ஸ் 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் தேர்வைப் பெற்று மூன்று முறையும் முன்னாட்டக்காரரையே எடுத்தது. தடுப்பும் கோல்காப்பும் தள்ளாடின. 2015 இல் மீண்டும் முதல் தேர்வாகக் கானர் மெக்டேவிட் கிடைத்த பிறகும் 2017 இல்தான் பிளே-ஆஃபைத் தொட முடிந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முடிவெடுக்கத் துணிவில்லாமல், செப்பனிடுகிறோம் என்ற பெயரில் முப்பதைத் தாண்டியவருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் தருவார்கள். ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு 2005 முதல் உச்சவரம்பு இருப்பதால், அந்தச் சுமை இளையவருக்குச் சம்பளம் தர வேண்டிய நாளில் கழுத்தை நெரிக்கும்.

இரண்டு தவறுகளையும் தவிர்த்த அணியும் உண்டு. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2018 பிப்ரவரியில், பழகிய முகங்கள் சிலவற்றை இழக்க நேரிடும் என்று ரசிகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. அப்போதும் முதன்மை முன்னாட்டக்காரர்களான மீகா சிபனஜாட்டையும் கிறிஸ் கிரைடரையும் விற்கவில்லை. 2019 இல் நட்சத்திர முன்னாட்டக்காரர் ஆர்டெமி பனாரினைப் பெரிய சம்பளம் கொடுத்துச் சேர்த்தது. 2022 இல் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றின் இறுதிச்சுற்று வரை, அதாவது அரையிறுதிக்கு இணையான கட்டம் வரை சென்றது.