கூச்சக்காரப் பையனைப் பற்றிக் குறும்படமா? கேமராவைக் கரைவலைப் பக்கம் திருப்புங்க

புது ஊருக்கு வந்த பையன், யாரிடமும் வாய் திறக்க மாட்டான், கடைசியில் நண்பர்கள் கிடைக்கிறார்கள். நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் கதையை எடுக்கக் கிளம்புகிறவர்கள் நேராகப் போவது தனுஷ்கோடிக்குத்தான். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் பையனை உட்காரவைத்து, வயலினைப் போட்டு, "எனக்குன்னு யாருமே இல்லை" என்று மனசுக்குள் பேசவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். 1964 புயலில் ஓர் ஊரே அழிந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையனின் சோகம் எடுபடாது.

கூச்சக்காரப் பிள்ளைகள் பேசிப் பழகுவதில்லை, கூட நின்று ஏதாவது செய்துதான் பழகுகிறார்கள். அதனால் முதலில் வேலையைத் தேடுங்கள், வசனத்தை அப்புறம் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் கரைவலைதான். வள்ளத்தில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனைகளையும் கரையில் தள்ளித் தள்ளி நிற்கிற இரண்டு கூட்டம் இழுக்கும். வலை கிட்டே வர வர அந்த இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டே வரும், மீன் சேருகிற பையான மடி கரையேறும்போது எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். உங்கள் திரைக்கதையே இதுதான், தனியாக எழுத வேண்டியதில்லை. பையனை ஒரு கயிற்றின் கடைசியில் விடுங்கள், அவனுக்குப் பிடித்துப்போகப் போகிற பசங்களை இன்னொரு கயிற்றில் விடுங்கள். அவன் கையால் மட்டும் இழுப்பான், வலிக்கும். முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்த்து, குதிகாலை மணலில் புதைத்து உடம்பைப் பின்னால் சாய்த்துக் காட்டுவான், இவனும் சாய்வான். அவ்வளவுதான், ஒரு வார்த்தை தேவையில்லை. கடைசியில் மடியைப் பிரிக்கும்போது அவன் கையிலும் நாலு காரல் மீன் விழட்டும்.

ஒரு வலை கரையேற மணிக்கணக்காகும், "அண்ணே, இன்னொரு தடவை இழுங்க" என்று கேட்க முடியாது. முந்தின நாளே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்ப் பேசிவிடுங்கள். முதல் நாள் தூரத்தில் ஸ்டாண்டு போட்டு முழு இழுப்பையும் எடுங்கள், மறுநாள் கை, கால், முகம் என்று கிட்டே போங்கள். பையனுக்கு இரண்டு நாளும் அதே சட்டை. இது மறந்துபோனால் எடிட்டிங்கில் அழுவீர்கள்.

எந்தக் கரை என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரளவு அமைதியாக இருக்கும், வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் அப்படியே தலைகீழ். எந்தப் பக்கம் போனாலும் ஃபோனில் இருக்கிற மைக்கை நம்பாதீர்கள், 'புஸ்ஸ்' என்ற சத்தம்தான் மிஞ்சும். காலர் மைக்கில் பஞ்சு உறையை மாட்டிச் சட்டைக்குள் குத்துங்கள். வெயில் ஏறினால் மணல் பளீரென்று அடித்துப் படத்தில் முகம் கறுத்துவிடும், அதனால் காலை எட்டரைக்குள் முடித்துவிட்டு சாயங்காலம் நாலரைக்கு மேல் திரும்ப வாருங்கள். திரையில் பையன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஒளியும் ஃபோக்கஸும் பூட்டிக்கொள்ளும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நடுவில் மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு என்பதால் நடிக்கப் பசங்க கிடைப்பார்கள், சும்மா நிற்கிற படகுகளும் பின்னணிக்குக் கிடைக்கும். வசனம் இருந்தே ஆக வேண்டும் என்றால் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் வாயில் வருகிறபடி பேசவிடுங்கள். கீழக்கரைப் பையன் "காக்கா" என்று கூப்பிட்டால் அதை "அண்ணா" என்று திருத்தாதீர்கள்.

டிரோன் ஆசையை விட்டுவிடுவது நல்லது, பாம்பன் பாலமும் கடற்படையும் இருக்கிற பகுதி, அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்புதான். மன்னார் வளைகுடாத் தீவுகளும் அப்படித்தான், வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்கக்கூடாது.