தொலைவிலிருந்து காப்பு நகலைக் கவனிக்க: யாருக்கு எந்த அனுமதி?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு துணிக்கடை நிறுவனத்தின் கணக்குகள் கல்லாவுக்குப் பின்னால் உள்ள விண்டோஸ் கணினியிலும், அவற்றின் காப்பு நகல்கள் மாடியில் உள்ள இன்னொரு கணினியிலும் இருக்கின்றன என்றும், நகல்கள் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்பதைக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கவனிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே, எல்லாருக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லையே கொடுத்துவிடும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

படி 1: மாடிக் கணினியில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கி, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸைத் திறந்து, நகல் எடுக்கும் நிரலுக்கு ஒரு கணக்கும் கவனிப்பவருக்கு ஒரு கணக்கும் உருவாக்குங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தப் பகுதி இல்லை. புரோ பதிப்பு தேவை. அடுத்த நுழைவில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் கட்டம் தானாகவே தேர்வாகியிருக்கும். அதை நீக்காவிட்டால் வலையமைப்பு வழியே நுழைய முடியாது.

படி 2: டி டிரைவில் நகல்களுக்கான கோப்புறையை உருவாக்குங்கள். பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். இத்தகைய டிரைவில் உருவாகும் கோப்புறை, ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவுக்கு மாற்றவும் அழிக்கவும் உள்ள உரிமையை வழக்கமாக மேலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதாவது, அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் நகலை அழிக்கலாம். கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலில் அட்வான்ஸ்டு சென்று, வாரிசு அனுமதியை நிறுத்தி, இருப்பவற்றை நேரடி அனுமதிகளாக மாற்றியபின், அந்தக் குழுவையும் யூசர்ஸ் குழுவையும் நீக்குங்கள். சிஸ்டமும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் இருக்கட்டும். நிரலின் கணக்குக்கு மோடிஃபை (மாற்றும் உரிமை), கவனிப்பவருக்கு ரீட் (படிக்க மட்டும்) போதும்.

படி 3: ஷேரிங் தாவலில் எவ்ரிஒன் பெயரை நீக்கி, நிரலுக்கு சேஞ்ச், கவனிப்பவருக்கு ரீட் கொடுங்கள். பகிர்வு அனுமதி, கோப்புறை அனுமதி இரண்டில் எது கடுமையானதோ அதுவே வலையமைப்பு வழியே செல்லுபடியாகும்.

படி 4: கல்லாக் கணினியில், நகலெடுக்க வேண்டிய கோப்புறைக்கு மட்டும் நிரலுக்கு ரீட் கொடுங்கள். பேக்கப் ஆபரேட்டர்ஸ் குழுவில் சேர்ப்பது சுலபம்தான். ஆனால் அக்குழுவினர் கோப்பு அனுமதிகளைத் தாண்டி எதையும் நகலெடுக்கலாம், பழைய நகலை மேலெழுதி மீட்கலாம். பெயரைப் பார்த்து அதைச் சிறிய பொறுப்பு என்று எண்ண வேண்டாம். ஒரு கோப்புறைக்காக வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பானேன்?

படி 5: கோலாலம்பூரிலிருந்து வருபவர் விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகவே வரட்டும். ரூட்டரில் 445 (கோப்புப் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்டுகளை இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

படி 6: கவனிப்பவரின் கணக்கில் நுழைந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், பிறகு ஒரு சோதனைக் கோப்பை அழிக்க முயலுங்கள். அழிந்துவிட்டால், அட்வான்ஸ்டில் உள்ள எஃபெக்டிவ் ஆக்செஸ் தாவலில் அவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எந்த உரிமைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன என்பது அங்கே தெரிந்துவிடும்.